வீடா, இல்லமா? முடிவெடுக்கும் முன் அம்மாவின் இரவுகளை எண்ணிப் பாருங்கள்

அம்மாவின் சமையலறைத் தொட்டிக்குக் கீழே பழைய துணி போட்டு மூடியிருந்த நான்கு பாத்திரங்களை ஒரு நாள் தற்செயலாகப் பார்த்தேன். நான்கும் அடி கருகியவை. தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறார், கரி போகவில்லை, யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்துவிட்டார். தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தேன். "நான் நல்லா இருக்கேன், நீ உன் உடம்பைப் பாத்துக்கோ" என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த நான்கு ஆண்டுகளில் அநேகமாக எல்லா ஏற்பாட்டையும் செய்து பார்த்தோம். அவர் வீட்டிலேயே ஆள் வைத்தோம். என் வீட்டுக்கு அழைத்து வந்தோம். பகல்நேர மையத்துக்கு அனுப்பினோம். கடைசியில் செவிலியர் இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். இது தெரிந்தவர்கள் இப்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே வெச்சுப் பாக்கலாமா, இல்ல சேர்த்துடலாமா?" பெரும்பாலும் அந்தப் போன் மருத்துவமனை வராந்தாவிலிருந்து வருகிறது. அப்பா விழுந்திருப்பார், எலும்பு முறிந்திருக்கும், நாளை மறுநாள் டிஸ்சார்ஜ் என்று சொல்லியிருப்பார்கள். அந்த இரண்டு நாளில் எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் விடத்தான் நேரம் இருக்கும். அந்த வராந்தாவுக்குப் போவதற்கு முன்பே யோசிக்க உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

## ஒப்பிடும் முன்: இது முதுமைதானா?

மாற்றம் மூன்று ஆண்டில் மெல்ல வந்ததா, மூன்று நாளில் வந்ததா என்று முதலில் பாருங்கள். போன வாரம் வரை தெளிவாக இருந்தவர் இன்று இடம் தெரியாமல் பேசினால், இல்லாத ஆளைப் பார்த்தால், பகலெல்லாம் தூங்கி வழிந்தால், அது டெலிரியம் என்கிற திடீர்க் குழப்ப நிலையாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, உடலில் நீர் குறைவது, கடுமையான மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை என எதுவும் இதைக் கொண்டுவரும். உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை இது. காரணத்தைச் சரிசெய்தால் பலர் தேறிவிடுகிறார்கள், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். அந்தக் குழப்பத்தின் நடுவில் இல்லத்துக்கு இடம் தேடாதீர்கள்.

மெல்ல வந்த மாற்றத்திலும் சரிசெய்யக்கூடியவை உண்டு: தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு. அப்புறம் காது. கேள்வி சரியாகக் காதில் விழாதவர் பதிலை மாற்றிச் சொன்னால் நாம் மறதி என்று நினைத்துவிடுகிறோம்.

மாத்திரைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், அவராகக் கடையில் வாங்கியதையும் சேர்த்து, ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். இல்லங்களில் இருக்கும் முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று மார்க் பியர்ஸ் என்ற மருத்துவரின் குழு 1991இல் ஒரு பட்டியல் போட்டது. இன்றும் அதைப் புதுப்பித்துப் பயன்படுத்துகிறார்கள். பல தூக்க மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் சாதாரணமாக வாங்கிப் போடும் சில பழைய மாத்திரைகளும் அதில் இருக்கின்றன. அவை குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் கூட்டுபவை. எங்கள் பையைக் கொட்டிப் பார்த்தபோது, இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக எழுதிக்கொடுத்த இரண்டு தூக்க மாத்திரைகள் வந்தன. மருத்துவர் சொன்னபடி சிறிது சிறிதாகக் குறைத்து ஒன்றை நிறுத்தினோம். அம்மாவின் நடை தெளிந்தது. அதனாலேயே இன்னும் ஒரு வருடம் தன் வீட்டில் இருந்தார்.

## எதை வைத்து அளப்பது?

வயதை வைத்து அளக்காதீர்கள், நோயின் பெயரை வைத்தும் அளக்காதீர்கள். டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று எழுதிக்கொடுத்த பிறகும் பல ஆண்டுகள் வீட்டிலேயே நன்றாக இருப்பவர்கள் உண்டு. நான் பார்ப்பது ஆறு விஷயங்கள்.

என்னென்ன தானாகச் செய்கிறார்? சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும் 1963இல் ஆறு அடிப்படை வேலைகளைக் குறித்தார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. பொதுவாக முதலில் கைவிட்டுப்போவது குளியல், கடைசிவரை நிற்பது சாப்பிடுவது. இவற்றுக்கும் முன்னால் போகிறவை வேறு. லாட்டன், பிராடி என்ற இருவர் 1969இல் அவற்றைப் பட்டியலிட்டார்கள்: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைக் கவனிப்பது, துணி துவைப்பது, தனியே பயணம் போவது, மாத்திரையை வேளைக்குப் போடுவது, பணத்தைக் கையாள்வது. இந்த இரண்டாவது பட்டியலில் மட்டும் ஓட்டை விழுந்திருந்தால் இல்லம் தேவையில்லை, உதவி போதும். முதல் பட்டியலில் இரண்டு மூன்று போய்விட்டால் பேச்சு மாறுகிறது.

எத்தனை மணி நேரம் தனியாக விடலாம்? அரை நாளா, இரண்டு மணி நேரமா, நீங்கள் குளித்துவிட்டு வரும் நேரமா? உண்மையான பதிலை ஒரு தாளில் எழுதுங்கள்.

இரவு எப்படிப் போகிறது? என் அளவுகோல்களில் இதுதான் பெரியது. பகலில் ஆள் கிடைக்கும், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள், மருத்துவர் போனை எடுப்பார். இரவு இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பவர் மட்டும்தான். மறதி நோயில் மாலை சாயும்போதே குழப்பமும் பதற்றமும் கூடுவது சாதாரணம். பகல் இரவு மாறிப்போவதும் உண்டு. ஒரு நோட்டு வாங்கி, இரவில் அவர் எழுந்த ஒவ்வொரு முறையும் மணியைக் குறியுங்கள். இரண்டு வாரம் போதும். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: 11.40, 1.15, 1.35, 2.50, 4.05. அந்த 1.35க்கு நேராக "கதவு" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வாசல் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டிருந்தார்.

எத்தனை கை வேண்டும்? கையைப் பிடித்தால் எழுந்து நிற்பவரை ஒரு ஆள் பார்த்துக்கொள்ளலாம். காலில் எடை தாங்காதவரைப் படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும், அல்லது தூக்கும் கருவி வேண்டும். தனியாளாகத் தூக்கினால் அவர் விழுவார், அல்லது உங்கள் முதுகு போகும். இதை மன உறுதியால் ஈடுகட்ட முடியாது.

பார்த்துக்கொள்கிறவர் எப்படி இருக்கிறார்? அது நீங்களாக இருக்கலாம், எண்பது வயதில் கணவரைக் கவனிக்கும் உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பாவுக்குத்தான் நோய், முதலில் படுத்தது அம்மா. பராமரிப்பவரின் சுமையை அளக்கவே ஸ்டீவன் ஜாரிட்டும் அவருடைய குழுவும் 1980இல் ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். இப்போது பரவலாகப் பயன்படும் வடிவத்தில் 22 கேள்விகள் இருக்கின்றன. உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, அவர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா, உங்கள் உடம்பு கெட்டுவிட்டதாகத் தோன்றுகிறதா என்று கேட்கும். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்வது அம்மாவுக்குச் செய்யும் துரோகம் இல்லை. ஒரு நாள் அதிகாலை அம்மாவின் கையை நான் வெடுக்கென்று இழுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது எழுதும்போதும் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும்.

அவருக்கு என்ன விருப்பம்? தெளிவாக இருக்கும்போதே கேட்க வேண்டும். "இல்லத்துக்குப் போறியா?" என்று கேட்டால் எல்லோரும் "மாட்டேன்" என்றுதான் சொல்வார்கள். "ராத்திரி எழுந்தா யார் கூட இருக்கணும்? உன்னைக் குளிப்பாட்டுறது நானா இருக்கணுமா, வேற ஆளா? எது போனா உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். என்னைவிட வேறு ஒரு பெண் குளிப்பாட்டுவதே தனக்கு நல்லது என்று அம்மா சொன்னபோது நான் வாயடைத்துப் போனேன்.

பணம் ஏழாவது. எல்லா ஏற்பாட்டையும் ஒரு மாதத்துக்குப் போடாமல் ஐந்து ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள். இந்த நிலை அவ்வளவு காலம் நீடிக்கக்கூடியது.

## வீட்டுக்குப் போகும்போது கண்ணில் பட வேண்டியவை

அவர் சொல்வதைக் கேட்பதோடு நிற்காமல் வீட்டையும் பாருங்கள். பிரிக்காத கடிதங்கள், இரண்டு முறை கட்டிய பில், கிழமை போட்ட மாத்திரை டப்பாவில் திறக்காத அறைகள், ஒரே உடை பல நாள், முழங்கையில் காரணம் சொல்லாத கன்றிப்போன தடம். கைக்கடிகாரப் பட்டை தளர்ந்து மணிக்கட்டில் சுற்றுகிறதா? ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், முயற்சி செய்யாமலே உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57க்கு வந்தால், மருத்துவர்கள் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

விழும் அபாயத்தைப் பார்க்க வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் கூடுதல் என்று கணக்கு. உலக அளவில் விபத்துக் காயங்களால் நேரும் மரணங்களில் விழுவது இரண்டாவது பெரிய காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். ஒருமுறை விழுந்தவர் பயத்தில் நடப்பதைக் குறைப்பார், நடக்காததால் கால் தளரும், மறுபடி விழுவார். அதனால் முதல் விழுதலை "ஒண்ணும் ஆகல" என்று கடந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. விருந்தாளி முன்னும் மருத்துவர் முன்னும் அவர்கள் தங்களைத் திரட்டிக்கொண்டு ரொம்ப நன்றாக இருப்பார்கள். என் அக்கா வெளியூரிலிருந்து இரண்டு நாள் வந்து போவாள். அந்த இரண்டு நாளும் அம்மா சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். "அம்மா நல்லாத்தானே இருக்கா, இவளை ஏன் அனுப்பணுங்கிற?" என்று அக்கா கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. சண்டை போடுவதை விட்டுவிட்டு, ஐந்து இரவு அம்மாவோடு அவளையே தனியாக இருக்கச் சொல்லிவிட்டு வெளியே போனேன். மூன்றாம் நாள் காலை போன் வந்தது: "நீ இத எப்படி எட்டு மாசம் பண்ணின?" அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே பக்கம். உடன்பிறந்தவர்கள் ஒத்துவராத வீடுகளுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்.

## 1. அவர் வீட்டிலேயே, ஆள் வைத்து

பழகிய வீட்டில் கால் தானாக வழி அறியும். இருட்டில் சுவிட்ச் எங்கே என்று கைக்குத் தெரியும். மறதி உள்ளவருக்கு இது பெரிய பலம்.

வெளியே தெரியாத செலவைக் கணக்குப் போடுவோம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 40 மணி நேரம் வேலை செய்தால், இரவும் பகலும் ஒருவர் விழித்திருக்க நான்கு பேருக்கு மேல் வேண்டும், விடுப்பும் உடம்பு சரியில்லாத நாளும் சேர்த்தால் ஐந்து பேர். "கூடவே தங்கும் ஒரு ஆள்" என்பது அம்மா இரவில் நன்றாகத் தூங்குகிற காலம்வரைதான் சரிவரும். ஐந்து முறை எழும் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணும் தூங்க வேண்டும் அல்லவா? எங்களிடம் வேலை செய்த பெண் இரண்டே மாதத்தில் கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு நின்றார். அவர் போய்விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை, அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததில்தான் வருத்தம்.

ஆளைத் தேடுவது, பழக்குவது, வராத நாளில் ஓடுவது, பணத்தையும் நகையையும் பத்திரப்படுத்துவது எல்லாம் சேர்ந்து உங்களுக்கு இரண்டாவது வேலை ஆகிவிடும். கழிப்பறையில் கைப்பிடி, வழுக்காத தரை, படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு, சமையலறையில் தானாக அணையும் அடுப்பு என்று வீட்டையும் மாற்ற வேண்டும்.

எப்போது இது நல்லது: இரவில் தூங்குகிறார், ஒரு கை பிடித்தால் நடக்கிறார், வந்து போகும் மனிதர்கள் சுற்றி இருக்கிறார்கள், குடும்பத்தில் ஒருவராவது அரை மணி நேரத்தில் வந்துவிட முடியும்.

## 2. நம் வீட்டுக்கு அழைத்து வருவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், நானும் யோசிக்காமல் செய்தேன். அன்போடு செய்கிற காரியம். ஆனால் வந்த முதல் வாரமே அம்மா பாத்ரூம் என்று நினைத்து அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். புது வீட்டின் வரைபடத்தை மறதி நோய் உள்ளவர் கற்றுக்கொள்வது கடினம். அவருடைய தெரு, பேச்சுத்துணை, வழக்கமாக உட்காரும் இடம் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். நாம் வேலைக்குப் போய்விட்டால் நம் வீட்டிலும் அவர் தனிமைதான்.

மறைந்திருக்கும் செலவு நம் மேல் விழுகிறது: குறைத்துக்கொண்ட வேலை நேரம், விட்ட பதவி உயர்வு, கணவன் மனைவிக்குள் பேசாமல் போன நாட்கள். உடன்பிறந்தவர்களில் ஒருவர் வீட்டில் வைத்துக்கொண்டால் மற்றவர்கள் செலவையும் நாட்களையும் எப்படிப் பங்கு போடுவார்கள் என்பதை முதல் மாதமே எழுதி வையுங்கள்.

எப்போது இது நல்லது: புத்தி தெளிவாக இருந்து உடம்பு மட்டும் தளர்ந்தவர், வீட்டில் பகலில் ஆள் உண்டு, தரைத்தளத்தில் அவருக்கென்று ஓர் அறையும் பக்கத்திலேயே கழிப்பறையும் உண்டு, அவரும் வர விரும்புகிறார். அறுவை சிகிச்சைக்குப் பிறகான சில மாதங்களுக்கும் இதுதான் சரி.

## 3. பகல்நேர மையமும் குறுகிய காலத் தங்கலும்

இது முழுத் தீர்வு ஆகாது, ஆனால் மற்ற எதையும் தாங்கிப் பிடிக்கும் முட்டு. பகலில் மனிதர்களோடு இருந்துவிட்டு வந்தால் இரவில் கொஞ்சம் தூக்கம் வரும். இல்லங்கள் சிலவற்றில் ஒரு வாரம், இரண்டு வாரம் தங்க வைக்கும் வசதி உண்டு. நீங்கள் மூச்சு விடவும், அந்த இடம் அவருக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கவும் அதைவிட நல்ல வழி இல்லை. காலையில் தயார் செய்து கொண்டுபோய் விட்டு, மாலையில் அழைத்து வரும் உழைப்பு மட்டும் யாரும் சொல்லாத செலவு.

## 4. உதவியோடு கூடிய முதியோர் குடியிருப்பு

தனி அறை அல்லது சிறு வீடு, பொதுச் சாப்பாட்டு அறை, கூப்பிட்டால் வரும் ஆள், மாத்திரையை நினைவூட்டுவது, வாரத்தில் சில நாள் குளிக்க உதவி. இரண்டாவது பட்டியலில் பலவும் முதல் பட்டியலில் ஒன்றிரண்டும் போனவர்களுக்கு இது அருமையான இடம். தனி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இங்கே நண்பர்கள் பிடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் விரலை வையுங்கள். ஒன்று, மாதக் கட்டணத்தில் எதெல்லாம் அடங்கும்: டயப்பர், குளிப்பாட்டுவது, மருத்துவமனைக்குத் துணைக்கு வருவது தனியா? இரண்டு, எந்த நிலை வந்தால் "இனி இங்கே வைத்துக்கொள்ள முடியாது" என்பார்கள்? நடக்க முடியாமல் போனாலா, இரவில் அலைந்தாலா, சிறுநீர்க் கட்டுப்பாடு போனாலா? இந்தப் பதில் கிடைக்காமல் முன்பணம் கட்டாதீர்கள். ஓராண்டில் மறுபடி இடம் மாற்றுவது அவருக்கு முதல் மாற்றத்தைவிடக் கடினம்.

## 5. செவிலியர் உள்ள பராமரிப்பு இல்லம், மறதி நோய்ப் பிரிவு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான்.

சில நிலைகளில் வீட்டைவிட இது நல்ல பராமரிப்பு, கடைசிக் கட்டப் புகலிடம் என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. படுத்த படுக்கையானவரைப் புண் வராமல் பார்க்க, வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். மெல்லவும் விழுங்கவும் சிரமப்படுபவருக்குச் சாப்பாடு புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும், அதனால் ஊட்டத் தெரிந்த கை வேண்டும். வாசலைத் திறந்துகொண்டு போய்விடுபவருக்குப் பூட்டிய அறையைவிட, சுற்றி நடக்க இடமும் கண்ணும் உள்ள கட்டிடம் வேண்டும். வேலை நேரம் முடிந்தால் அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவர்களால்தான் இதெல்லாம் முடியும்.

குறைகளும் உண்மை. முதல் சில வாரங்கள் குழப்பமும் அழுகையும் கூடலாம். கண்ணாடி, பல்செட், காது கருவி காணாமல் போகும், எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். மருத்துவமனையில் சேர்த்தால் துணைக்கு நீங்கள்தான் போக வேண்டியிருக்கும். சில இடங்களில் அமைதியாக வைக்க மனநோய் மருந்துகளைத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறார்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. எந்தப் புது மாத்திரையையும் உங்களிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒருமுறை விடுமுறை நாளிலும், ஒருமுறை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் போங்கள். அழைப்பு மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார்? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்? காலை பத்து மணிக்கு எத்தனை பேர் இன்னும் படுக்கையில் இருக்கிறார்கள்? யாரையாவது நாற்காலியில் கட்டி வைத்திருக்கிறார்களா? ஊழியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? எத்தனை ஆண்டாக வேலை செய்கிறார்கள்? நான் பார்த்த ஓர் இடத்தில் தரை கண்ணாடி போலப் பளபளத்தது, மணி அடித்து இருபது நிமிடம் யாரும் வரவில்லை. நாங்கள் சேர்த்த இடத்தில் சுவர் பெயின்ட் உரிந்திருந்தது. ஓர் உதவியாளர், நடக்கச் சிரமப்பட்ட ஒருவருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, இரண்டு கையையும் பிடித்துப் பேசிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

## ஒரே பார்வையில்

| ஏற்பாடு | இரவில் பலமுறை எழுபவர் | இருவர் தூக்க வேண்டியவர் | வெளியே போய்விடுபவர் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| அவர் வீடு, ஆள் வைத்து | ஷிஃப்ட் முறையில் ஆள் இருந்தால் மட்டும் | கடினம் | அபாயம் | ஆட்களை நிர்வகிக்கும் வேலை |
| நம் வீடு | சில மாதங்கள் தாங்கும் | கடினம் | கதவுப் பாதுகாப்பு வேண்டும் | நம் வேலை, தூக்கம், உறவுகள் |
| பகல்நேர மையம் | இரவுக்கு உதவாது | மையத்தைப் பொறுத்தது | பகலில் பாதுகாப்பு | தினப் போக்குவரத்து |
| உதவிக் குடியிருப்பு | ஓரளவு | பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள் | பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள் | கூடுதல் கட்டணம், மறுபடி இடமாற்றம் |
| செவிலியர் உள்ள இல்லம் | பொருந்தும் | பொருந்தும் | மறதி நோய்ப் பிரிவு இருந்தால் பொருந்தும் | தொடக்க வாரங்களின் வேதனை, விடாத கண்காணிப்பு |

## இனித் தள்ளிப்போடக் கூடாது என்பது எப்போது?

என் கணக்கைச் சொல்கிறேன். கீழே உள்ளவற்றில் இரண்டு சேர்ந்து வந்து, மருத்துவர் பார்த்து மாத்திரைகளைச் சரிசெய்து ஒரு மாதம் கழித்தும் நீடித்தால், ஐந்தாவது ஏற்பாட்டுக்கு இடம் பார்க்கத் தொடங்குங்கள்: வாரத்தில் பாதி இரவுகளுக்கு மேல் மூன்று முறைக்கு அதிகமாக எழுகிறார், ஒருவரால் மட்டும் அவரை எழுப்ப முடியவில்லை, ஒருமுறையாவது வெளியே போய்த் தேட வேண்டி வந்தது, ஆறு மாதத்தில் இரண்டு முறை விழுந்தார், படுக்கைப் புண் வந்துவிட்டது, விழுங்கும்போது அடிக்கடி புரையேறுகிறது. பார்த்துக்கொள்கிறவர் கையை ஓங்கினார், அல்லது அவரே மயங்கி விழுந்தார் என்றால் இரண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த ஒன்று போதும்.

"உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தவர்கள் பலர், நானும் கொடுத்திருந்தேன். அம்மா நடந்து, சமைத்து, தனியே தூங்கிய காலத்தில் கொடுத்த வாக்கு அது. அவர் என்னிடம் கேட்டது தன்னைக் கைவிடக் கூடாது என்பதை. வாரத்துக்கு நான்கு நாள் போய், தலை வாரிவிட்டு, நகம் வெட்டிவிட்டு, அவர் சொல்ல முடியாததை ஊழியர்களிடம் நான் சொல்லி, அந்த வாக்கை இப்படித்தான் காப்பாற்ற முடிந்தது.

சேர்க்கும்போது அவருடைய தலையணையும், போர்வையும், சுவரில் மாட்டியிருந்த அதே கடிகாரமும் கூடப் போகட்டும். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொடுங்கள்: எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், எதற்குப் பயப்படுவார். முதல் மாதத்தைச் சோதனை மாதமாக வைத்துக்கொள்ளுங்கள், அதன் கடைசியில் எடையையும் தோலையும் மாத்திரைப் பட்டியலையும் நீங்களே பாருங்கள். இரவுப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அம்மாவின் முதல் வாரப் பக்கங்களில் என் நோட்டைப் போலவே மணிகள் வரிசையாக நின்றன. நான்காவது வாரத்தில் ஒரு நாளுக்கு நேராக இப்படி எழுதியிருந்தார்கள்: "2.10, கழிப்பறை. கைப்பிடித்துக் கூட்டிப் போனோம். வந்து தூங்கினார். 6.20க்கு எழுந்தார்."